பாப்பாவுக்கு நாளைக்கு விவாதம்

குழு: லயத்து வீட்டுப் பிள்ளைங்க 🌴

செவ்வாய், இரவு 8.02

அம்மா: எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல்ல தமிழ் விவாதம். தலைப்பே இன்னிக்கு மதியம்தான் குடுத்தாங்களாம். தெரிஞ்சவங்க பாயிண்ட் போடுங்க

அம்மா: "பழைய கேளிக்கைப் பூங்காக்களைப் புதிய திரைப்படப் பகுதிகள் சிதைக்கின்றன"

ரவாங் சித்தி: ஒட்டியா வெட்டியா

நான்: ஒட்டி சித்தி. நாலு நிமிஷம்

கிள்ளான் அத்தை: எந்தப் பூங்கா, நம்ம கெந்திங் மலைப் பூங்காவா?

நான்: கெந்திங், டிஸ்னிலேண்ட் ரெண்டும் சொல்லலாம்னு டீச்சர் சொன்னாங்க அத்தை

கிள்ளான் மாமா: சிங்கப்பூர்க்காரன எழுப்பு. அவன் சோறு திங்கிறதே ரைடு பாத்துதானே

ரவாங் சித்தி: வேணாம் லா. விடிய விடிய எழுதுவான்

தாத்தா: 🙏

அம்மா: அப்பா, மாத்திர போட்டாச்சா? அப்புறம் வியாழக்கிழமை அப்பாவ ஈப்போ ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறதுன்னு இன்னும் முடிவாகல. கண் டாக்டர்

சிங்கப்பூர் மாமா: வந்துட்டேன். பாப்பா, முதல்ல ஒண்ணு. எதிரணி எழுந்ததும் "டிஸ்னிலேண்டே சினிமாதானே"ன்னு கேப்பாங்க. அது உண்மை. 1955 ஜூலை 17 திறப்பு. நடுவுல நிக்கிற கோட்டைக்கு ஸ்லீப்பிங் பியூட்டின்னு பேரு. படம் வந்தது 1959-ல. படம் வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே கோட்டை கட்டியாச்சு. 1987-ல ஸ்டார் வார்ஸ் படத்த வச்சு ஸ்டார் டூர்ஸ் ரைடு, 1995-ல இண்டியானா ஜோன்ஸ் ரைடு, ரெண்டும் பழைய பகுதிக்குள்ளேயே உக்காந்துடுச்சு. அதனால "சினிமா வந்தா கெட்டுடும்"னு பேசினா ரெண்டு நிமிஷத்துல ஆள் காலி

நான்: மாமா நான் ஒட்டி 😭

சிங்கப்பூர் மாமா: தெரியும். அவன் எங்க அடிப்பான்னு தெரியாம எப்படிப் பேசுவ?

ரவாங் சித்தி: சொன்னேன்ல

சிங்கப்பூர் மாமா: சிதைக்குதா இல்லையான்னு பாக்க சினிமாவ விட்டுட்டு மூணு விஷயத்தப் பாரு. பழைய இடத்துல நின்னா புதுசு கண்ணுல படுதா, காதுல விழுதா, அத வைக்க எதத் தோண்டி எடுத்தாங்க

சிங்கப்பூர் மாமா: உதாரணம், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் ஸ்டார் வார்ஸ் பகுதி. 14 ஏக்கர், 2019 மே 31 திறப்பு. இடம் எங்க இருந்து வந்துச்சு? பின்னால இருந்த பண்ணைய இடிச்சாங்க, 1955-லேர்ந்து பூங்காவுக்குள்ள ஓடுன செயற்கை ஆத்தோட வடக்கு முனைய வெட்டினாங்க. 2016 ஜனவரியில ஆறு, படகு, ரயில் எல்லாம் நின்னுச்சு. 2017 ஜூலை கடைசிலதான் திரும்ப ஓடுச்சு. அந்த ரயில் பூங்காவச் சுத்தி வலப்பக்கமா மட்டும்தான் திரும்பிட்டு இருந்துச்சு. ஆறு சின்னதானதும் தண்டவாளத்த மாத்திப் போட்டாங்க. அதுக்கப்புறம்தான் முதல் தடவையா ஒரு இடத்துல இடப்பக்கம் திரும்புது

கிள்ளான் அத்தை: ரயில் இடது பக்கம் திரும்பினா என்ன தப்பு

சிங்கப்பூர் மாமா: தப்பில்ல அண்ணி. திரும்புற எடத்துல புதுசா பாறையும் அருவியும் வச்சாங்க. அதுக்குப் பின்னாடிதான் ஸ்டார் வார்ஸ். ரயில்ல போறவனுக்கு விண்வெளி தெரியாது, காடுதான் தெரியும். உள்ள போக மூணு வாசல். எதுவுமே நேராப் போகாது. பாறை வழியா வளைஞ்சு நுழையணும். ஆறு குறுகிடுச்சுங்கிறது நெசம். பார்வை கெடலங்கிறதும் நெசம்

கிள்ளான் மாமா: அந்தப் பாறை நம்ம சுதை வேலைதான். கம்பி வளைச்சு உருவம் கட்டுவாங்க, மேல கோழி வலை மாதிரி வலை, அதுமேல சிமெண்ட் அடிப்பாங்க. முதல் பூச்சு கரடுமுரடா விடணும், அப்பதான் ரெண்டாவது பிடிக்கும். ரெண்டாவது பூச்சு காயுறதுக்குள்ள கரண்டி, பிரஷ் வச்சு வெடிப்பு கீறணும். சீக்கிரம் கீறினா சரிஞ்சு விழும், லேட்டா கீறினா கல்லு மாதிரி. நம்ம வெயிலுக்கு ரெண்டு மணி நேரம் கிடைச்சா பெருசு. வலைக்கு மேல ஒரு இஞ்ச்சாவது மூடலன்னா மழைத் தண்ணி இறங்கி துரு வெளிய வரும். பாறை அழுவுற மாதிரி சிவப்புக் கோடு விழும்

நான்: மாமா இத விவாதத்துல எங்க போடுறது

கிள்ளான் மாமா: போடாத. தெரிஞ்சு வச்சுக்க

ரவாங் சித்தி: அண்ணே, பார்வை மறைக்கிறதப் பத்தி நீங்க பேசலாமா? நீங்க கோயில் கமிட்டில இருந்தப்ப கட்டுன மண்டபத்தால ரோட்டுலேர்ந்து கோபுரமே தெரியல

கிள்ளான் மாமா: ஜிங்க் கூரை வேணும்னு கேட்டது யாரு? அன்னதானத்துக்கு மழையில நிக்க முடியலன்னு இதே வீட்டு ஆளுங்கதான்

அம்மா: ரெண்டு பேரும் விடுங்க. புள்ளைக்கு நாளைக்கு எட்டு மணிக்கு

சிங்கப்பூர் மாமா: இல்லக்கா, இது நல்ல உதாரணம். பாப்பா நோட்டு எடு. மனுஷன் கண் உயரம் 1.6 மீட்டர்னு வை. நம்ம மண்டபக் கூரை 7.6 மீட்டர். கோயில் வாசல் ரோட்டு ஓரத்துல நின்னா மண்டபம் 20 மீட்டர் தூரம், கோபுரம் 40 மீட்டர். கண்ணுலேர்ந்து கூரை விளிம்புக்கு 20 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுது. அப்ப 40 மீட்டருக்கு 12 ஏறும். 12 கூட்டல் 1.6, மொத்தம் 13.6 மீட்டர் வரைக்கும் பின்னாடி இருக்கிறது மறையும். நம்ம கோபுரம் நாப்பது அடி, 12 மீட்டர் சொச்சம். கலசம்கூடத் தெரியாது

சிங்கப்பூர் மாமா: இன்னும் 40 மீட்டர் பின்னால போ. மண்டபம் 60, கோபுரம் 80. இப்ப 9.6 மீட்டர் வரைதான் மறையும். மேல ரெண்டரை மீட்டர் தெரியும்

ரவாங் சித்தி: அட ஆமா! பஸ் ஸ்டாண்டுல நின்னா கலசம் தெரியுது

கிள்ளான் அத்தை: அப்ப சாமி கும்பிட பஸ் ஸ்டாண்டுக்குப் போணுமா

கிள்ளான் மாமா: 😐

சிங்கப்பூர் மாமா: பூங்காக்காரன் இதே கணக்க வரைபடத்துலயே போட்டுப் பாப்பான். பழைய பகுதியில ஜனங்க நிக்கிற ஒவ்வொரு எடத்துலேர்ந்தும் கோடு இழுப்பான். மறைக்க ரெண்டு வழிதான். கட்டடத்தத் தள்ளி வை, இல்ல நடுவுல மேடு போட்டு மரம் நடு. பலூன் கட்டி உயரம் பாக்குறதும் உண்டு. சத்தத்துக்கும் அப்படித்தான். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபெல் குறையும். அதனால பெரிய ஸ்பீக்கர் ரெண்டு வைக்காம சின்னச் சின்னதா நிறைய வச்சு மெதுவாப் பாட விடுவாங்க. நம்ம கோயில்ல கூம்பு ஸ்பீக்கர் நாலு வைக்கிறாங்கல்ல, அதுக்கு நேர் எதிர்

கிள்ளான் மாமா: ஸ்பீக்கர் என் காலத்துல வச்சதில்ல

இரவு 8.51

அம்மா: வியாழக்கிழமை???

ரவாங் சித்தி: எனக்கு லீவு இல்லக்கா. அண்ணி?

கிள்ளான் அத்தை: பாக்குறேன்

நான்: மாமா, எனக்கு ஒட்டிக்குப் பலமா ஒண்ணு வேணும்

சிங்கப்பூர் மாமா: ஃபுளோரிடா. மேஜிக் கிங்டம், 1971 அக்டோபர் 1 திறப்பு. அங்க ஒரு ஆறு, நடுவுல டாம் சாயர் தீவு, சுத்தி வர துடுப்புச் சக்கரப் படகு. 2025 ஜூலை 6 கடைசி நாள். ஆறே போச்சு. அங்க கார்ஸ் படத்துப் பகுதி வருது. கலிஃபோர்னியாவுல வெட்டினாங்க, இங்க மொத்தமா மூடிட்டாங்க. இதுதான் உன் துருப்பு

நான்: ஆறு போனா ரைடு வருதே, கூட்டம் கூடாதான்னு கேப்பாங்க

சிங்கப்பூர் மாமா: அதுக்குத்தான் கணக்கு. ஒரு வண்டிக்கு 8 பேர், 20 நொடிக்கு ஒரு வண்டின்னு வை. நிமிஷத்துக்கு 24, மணிக்கு 1440. ஒரு சென்சார் தப்பாக் காட்டுச்சு, 15 நிமிஷம் நின்னுச்சு. 360 பேர் ஏற வேண்டியவங்க ஏறல. அவங்க எங்க போவாங்க? வரிசையிலயே நிப்பாங்க, இல்ல பாதைக்கு வருவாங்க. புது ரைடுங்க நாலஞ்சு இயந்திரத்த ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கட்டினது. ஒண்ணு நின்னா பின்னால வர்றது எல்லாம் நிக்கும். படகு அப்படி இல்ல. ஏறாதவனும் கரையில உக்காந்து பாக்குறான். ஆறு, மர நிழல், பெஞ்சு, இதெல்லாம் கூட்டத்த உறிஞ்சுற எடம். டிக்கெட் கணக்குல வராது, எடுத்துட்டாதான் தெரியும்

தாத்தா: கெந்திங்ல படகு இருந்தது

கிள்ளான் அத்தை: ஆமா மாமா, குளத்துல. மேல மோனோரயில் ஓடும்

நான்: அது எப்ப போச்சு?

சிங்கப்பூர் மாமா: வெளிப்புறப் பூங்காவ 2013 செப்டம்பர் 1 மூடினாங்க. அதே எடத்துல டுவெண்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பேர்ல சினிமாப் பூங்கா வர்றதா அறிவிப்பு. இழுத்துக்கிட்டே போச்சு. நடுவுல ஃபாக்ஸை டிஸ்னி வாங்குறதா முடிவாச்சு. 2018 நவம்பர்ல கெந்திங் அமெரிக்காவுல வழக்குப் போட்டாங்க, 100 கோடி டாலருக்கு மேல கேட்டு. 2019 ஜூலைல சமரசம். கடைசியா ஸ்கைவோர்ல்ட்ஸ்னு வேற பேர்ல 2022 பிப்ரவரி 8 திறந்துச்சு. எட்டு வருஷத்துக்கு மேல மலையில வெளிப்புறப் பூங்காவே இல்ல. இத அப்படியே சொல்லு. சினிமாவோட பேர் உன்னோடது இல்ல, வாடகை. வீட்டுக்காரன் மாறினா நீ தெருவுல

ரவாங் சித்தி: இது நல்லாருக்கு. எழுதிக்க பாப்பா

சிங்கப்பூர் மாமா: இன்னொண்ணு. 1994-ல மார்வெல்ங்கிற காமிக்ஸ் கம்பெனி யுனிவர்சல் பூங்காக்காரனோட ஒப்பந்தம் போட்டுச்சு. 2009-ல மார்வெல்ல டிஸ்னியே வாங்கிடுச்சு. இன்னிக்கும் ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவுல மார்வெல்ங்கிற பேரப் போட முடியாது. பக்கத்து யுனிவர்சல்ல மார்வெலோட ஹல்க் ரைடு ஓடுது

அம்மா: ஈப்போல கார்ட்டூன் பார்க் ஒண்ணு இருந்துச்சே, மெரு ராயா பக்கம். அதச் சொல்லலாமா

சிங்கப்பூர் மாமா: வேணாம்க்கா. 2017 ஜூன் திறந்து 2020 ஜனவரில மூடிட்டாங்க. அது முதல்லேர்ந்தே கார்ட்டூன்தான், பழைய பூங்கா இல்ல. தலைப்புக்கு வெளிய போயிடும். சிங்கப்பூர் யுனிவர்சல்ல மடகாஸ்கர் படத்துப் பகுதி போய் 2025 பிப்ரவரி 14 மினியன் பகுதி வந்துச்சு, அதுவும் ஒரு படத்தத் தூக்கி இன்னொரு படம். அதையும் தொடாத

கிள்ளான் அத்தை: மினியன் சின்னவனுக்குப் பிடிக்கும். டிசம்பர்ல சிங்கப்பூரே போலாமா? கெந்திங்ல ஒரே பனி

ரவாங் சித்தி: ஹாங்காங்ன்னு சொன்னோமே

கிள்ளான் மாமா: ஹாங்காங் ஆளுக்கு எவ்வளவுன்னு தெரியுமா. பதினாலு பேரு

ரவாங் சித்தி: போன தடவை வேன் காசு 280 வெள்ளி இன்னும் எனக்கு வரல. யாருன்னு சொல்லல

சிங்கப்பூர் மாமா: சித்தி... சாரி, அக்கா, நாளைக்குப் போடுறேன்

ரவாங் சித்தி: பயத்துல என்னையே சித்தியாக்கிட்டான் 😂

சிங்கப்பூர் மாமா: ஹாங்காங்குன்னதும் ஞாபகம் வந்துச்சு. பாப்பா, எதிரணி இதத்தான் தூக்குவான். ஹாங்காங் டிஸ்னிலேண்ட், 2005-ல திறந்தப்ப ரொம்பச் சின்னதுன்னு எல்லாரும் சொன்ன பூங்கா. 2023 நவம்பர் 20 ஃப்ரோசன் பகுதி வந்துச்சு. பின்னால நெசமான மலை, முன்னால செஞ்ச மலை. ரெண்டும் ஒட்டிக்குது. எதையும் இடிக்காம கூட்டிக் கட்டினது. அதுக்கு உன் பதில்: "கூட்டியது சிதைக்கவில்லை, வெட்டியதே சிதைத்தது." அவன் ஹாங்காங் சொன்னா நீ ஃபுளோரிடா சொல்லு

கிள்ளான் மாமா: அப்ப தலைப்பே பாதி தப்புன்னுதானே ஆவுது

சிங்கப்பூர் மாமா: ஆமாண்ணே, பாதி தப்புதான்

நான்: மாமா!!!

சிங்கப்பூர் மாமா: நாலு நிமிஷத்துல அந்தப் பாதி வெளிய தெரியாமப் பேசு. ஃபுளோரிடா யுனிவர்சல்ல ஹாரி பாட்டர் பகுதி 2010 வந்ததும் ஜனம் குவிஞ்சதுன்னு சொன்னா, அந்தப் பூங்கா 1999-லதான் திறந்தது, பழைய பூங்காவே இல்லன்னு வெட்டு. ஸ்டார் வார்ஸ் சொன்னா, 2019 மே-ல ஒரே ஒரு ரைடோட திறந்தாங்க, பெரிய ரைடு 2020 ஜனவரி 17-தான் வந்துச்சு, அந்தக் கோடையில எதிர்பார்த்த கூட்டம் வரலன்னு சொல்லு

அம்மா: போதும் தம்பி, புள்ள தூங்கணும். பாப்பா, சப்பாத்து பாலிஷ் போட்டியா?

நான்: ம்

நான்: மாமா, நீங்க கண்ணுலேர்ந்து இழுத்த கோடு, சைட் லைன் (sight line), அதுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? டீச்சர் இங்கிலீஷ் சொன்னா மார்க் கொறைப்பாங்க

கிள்ளான் மாமா: பார்வைக்கோடு

ரவாங் சித்தி: கண் படுற தூரம்

கிள்ளான் அத்தை: திருஷ்டி 😂

சிங்கப்பூர் மாமா: பார்வைக்கோடு சரி. அண்ணன் சொன்னது

கிள்ளான் மாமா: மண்டபம் கட்டுனப்ப இந்த வார்த்தை தெரிஞ்சிருந்தா ஜிங்க நாலு அடி எறக்கியிருப்பேன்

ரவாங் சித்தி: இப்பவும் எறக்கலாம்

கிள்ளான் மாமா: புதுக் கமிட்டியக் கேளு

இரவு 9.47

அம்மா: வியாழன் அப்பா விஷயம் யாரும் பதில் சொல்லல. நானே லீவு போடவா?

கிள்ளான் அத்தை: இரு, நான் அவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன். காடி வொர்க்ஷாப்ல இருக்கு

தாத்தா: கார்டுல புதன்னு போட்டிருக்கு

அம்மா: அப்பா புதன்னா நாளைக்கு

தாத்தா: ஆமா. காலை 8.30

அம்மா: எட்டு மணிக்கு பாப்பா ஸ்கூல்ல நான் இருக்கணுமே

ரவாங் சித்தி: கார்ட போட்டோ எடுத்துப் போடுங்கப்பா

தாத்தா: 🙏

நான்: அம்மா நீங்க தாத்தாகூடப் போங்க. யாராச்சும் வீடியோ எடுத்தா போதும்

சிங்கப்பூர் மாமா: வீடியோ எடுக்கிறவங்க மேடைக்கு நேரா நிக்காதீங்க, முன்வரிசைத் தலை மறைக்கும். நடு வழியில, கண் உயரத்துக்கு ஒரு அடி மேல

ரவாங் சித்தி: தூங்குடா