கடன் வாங்கி, ஒன்பதாவது படிக்கும் மகளை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா?

ஒட்டன்சத்திரம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்தது. அமெரிக்காவுக்குப் பத்து நாள் கல்விச் சுற்றுலா, நாசா விண்வெளி மையம், முடிவில் சான்றிதழ். எல்லாம் சேர்த்து மூன்றேகால் லட்சம். முன்பணம் 50,000 ரூபாயை இந்த ஆகஸ்ட் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார்கள். வகுப்பில் நான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம்.

வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். என் நகையை அடகு வைத்தால் பாதி தேறும், மீதிக்குக் கடன்தான். அவள் போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டீஸைப் படித்துவிட்டு, "நமக்கு வேண்டாம்மா" என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டாள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. ராத்திரி சாப்பிட்டதும் மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் அவள். எது வியாழன், எது செவ்வாய் என்று எனக்கு விரல் நீட்டிக் காட்டுவாள்.

இந்தச் சுற்றுலா போய் வந்தால் பின்னால் கல்லூரியில் சேர உதவுமா? இல்லையென்றால், இவ்வளவு செலவில்லாமல் அவள் வெளியுலகத்தைத் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறதா? நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

கோவை அப்பா:

நாங்கள் எங்கள் பையனை இதே மாதிரி ஒரு சுற்றுலாவுக்கு அனுப்பியிருக்கிறோம், வேறொரு ஏற்பாட்டாளர் மூலம். விமானம், பனி, பெரிய கடைகள் எல்லாம் பார்த்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விண்வெளி மையத்தில் இருந்தது ஒரே ஒரு பகல். அதுவும் பார்வையாளர் பகுதி. டிக்கெட் வாங்கும் யாரும் உள்ளே போகலாம். விஞ்ஞானி யாரோடும் பேசவில்லை. அந்தச் சான்றிதழை இதுவரை எங்கேயும் யாரும் கேட்கவில்லை. கையில் பணம் இருந்தால் அனுப்புங்கள். நகையை வைத்து வேண்டவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். முதலில் மாடியில் நிற்கும் அந்தப் பிள்ளையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

'குளோப் அட் நைட்' என்று ஒரு திட்டம் 2006 முதல் நடக்கிறது. நிலா இல்லாத இரவுகளில், உலகம் முழுக்க மக்கள் அவரவர் ஊரிலிருந்து குறிப்பிட்ட ஒரு நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்து, கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று பதிவு செய்கிறார்கள். தொலைநோக்கி வேண்டாம். கட்டணமும் இல்லை. பத்து நிமிடம் இருட்டில் நின்று கண்ணைப் பழக்க வேண்டும். அப்புறம் அவர்கள் எண் போட்டுத் தரும் வரைபடங்களில் (எண் கூடக் கூட நட்சத்திரமும் கூடும்) எது நம் வானத்தோடு ஒத்துப்போகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, இடத்தையும் நேரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். விளக்கு வெளிச்சத்தால் வானம் எங்கெங்கே மறைந்துகொண்டு வருகிறது என்று ஆராய்கிறவர்களுக்கு இந்தப் பதிவுகள்தான் தரவு.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு ஜனவரியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இதில் இறக்கினேன். பார்க்க வேண்டியது ஓரியன், நம் ஊரில் வேட்டைக்காரன் என்போமே, அது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பையன் மூன்றாம் எண் வரைபடம் என்றான். கண்மாய்க்கரையில் வீடு இருக்கும் ஒரு பெண் ஐந்து என்றாள். நம்பரைக் கூட்டிச் சொல்கிறாள் என்று இவன் சண்டைக்கு வந்துவிட்டான். சரி, நீயே போய்ப் பார் என்று மறுநாள் இரவு அவனையும் இன்னும் நான்கு பேரையும் நானே கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை என்றான். அப்புறம் பேச்சே இல்லை. வேட்டைக்காரனின் இடைவாருக்குக் கீழே தொங்கும் மங்கலான புகைத்துணுக்கை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தான். "சார், இது எங்க தெருவுலயும் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது, விளக்கு மறைக்கிறது என்றேன். பிறகு உலக வரைபடத்தில் எங்கள் ஊர்ப் புள்ளியைப் பள்ளிக் கணினியில் காட்டினேன். சிலியிலும் போலந்திலும் இருந்த புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு, அங்கே எத்தனை, இங்கே எத்தனை என்று பிள்ளைகள் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

இதேபோல 2007இல் தொடங்கிய 'கேலக்ஸி ஸூ' என்ற இணையத் திட்டத்தில் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து யாரும் வகைப்படுத்தலாம். அந்த வருடமே நெதர்லாந்தில் ஹன்னி வான் ஆர்கெல் என்ற பள்ளி ஆசிரியை, ஒரு படத்தில் இருந்த விநோதமான வாயுத் திட்டைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். விஞ்ஞானிகளுக்கே அது புதிது. அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அப்புறம், உங்கள் மாவட்டத்திலேயே கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். சூரியனில் கருப்பாகத் தெரியும் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவு. பஸ் டிக்கெட் செலவில் போய் வரலாம்.

வெளியே போய்த் தங்கிக் கற்க வேண்டும் என்றால் இஸ்ரோவின் யுவிகா, அதாவது இளம் விஞ்ஞானி முகாம். 2019இல் தொடங்கினார்கள். ஒன்பதாவது படிப்பவர்களுக்கு மட்டும். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. அறிவிப்பு பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும், முகாம் கோடை விடுமுறையில். உங்கள் மகளுக்கு இந்த ஒரு வாய்ப்புதான், அம்மா. பத்தாவது போய்விட்டால் கிடையாது.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2022இல் ஒரு மாணவிக்காக நான் காத்திருந்தேன். யுவிகா சுற்றறிக்கை எங்கேயோ ஒரு கோப்பில் கிடந்து, கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் கழித்து என் மேஜைக்கு வந்தது. "அடுத்த வருஷம் போடலாமா சார்?" என்று கேட்டாள். இணையத்தில் நானே தினமும் பார்த்திருக்க வேண்டும். இன்றும் மனது ஆறவில்லை. பள்ளி சொல்லும் என்று இருக்காதீர்கள். பிப்ரவரி 1 முதல் இஸ்ரோ இணையதளத்தை நீங்களே பாருங்கள்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு பற்றியும் விசாரியுங்கள். 10 வயது முதல் 17 வரை, தமிழிலேயே ஆய்வு எழுதலாம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒலிம்பியாட் என்ற அறிவியல் போட்டித் தேர்வுகள் கடினம், ஆனால் இந்திய அணிக்குத் தேர்வானால் அரசு செலவில் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாம். அவற்றில் பத்தாவது வரை படிப்பவர்களுக்கான இளநிலை அறிவியல் தேர்வு நவம்பரில் நடக்கும். அதற்கு இப்போதே பதிவு செய்ய வேண்டும்.

ராமநாதபுரம் மாணவி:

அக்கா, நான் யுவிகா போய் வந்தவள், இப்போது கல்லூரியில். சார் சொன்னதோடு ஒன்று. தேர்வில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத்தான் பெரிய பங்கு. அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் சான்றிதழ்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கிராமத்துப் பள்ளி என்றால் தனியாகச் சேர்ப்பார்கள். அதனால் பழைய சான்றிதழ்களை எல்லாம் இப்போதே தேடி எடுத்து ஸ்கேன் பண்ணி வையுங்கள். எங்கள் வீட்டில் கடைசி நாள் இரவு பீரோவைக் கவிழ்த்துத் தேடினோம்.

முகாமில் எனக்கு மறக்காதது பக்கத்துக் கட்டிலில் இருந்த நாகாலாந்துப் பெண். அவளுக்கும் தமிழ் தெரியாது, எனக்கும் இந்தி தெரியாது. இரண்டு பேரும் தப்புத் தப்பான ஆங்கிலத்தில் விடிய விடியப் பேசினோம். இன்றும் அவள் ஊரில் மழை பெய்தால் எனக்கு வீடியோ வரும்.

ஒட்டன்சத்திரம் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். புகைத்துணுக்கு என்ற இடம் வந்ததும், "அம்மா, அது நெபுலா" என்றாள். முன்பணம் கட்டவில்லை. நவம்பர் தேர்வுக்குப் பதிவு செய்வதைப் பற்றி அவள் அப்பா நாளைக்குப் பள்ளியில் கேட்கிறார். கொடைக்கானலுக்கு அடுத்த மாதம் மூன்று பேரும் போகிறோம்.

ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் மாடிக்கு எதிரில் தெருவிளக்கு இருக்கிறது. அந்த நட்சத்திரக் கணக்கை அங்கிருந்தே அனுப்பலாமா?

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்:

தாராளமாக அனுப்பலாம் அம்மா. விளக்கு நேராகக் கண்ணில் படாதபடி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது மழை மேகம் தொந்தரவு செய்யும், அதையும் பதிவில் குறிக்க இடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே தோட்டம், காடு வைத்திருக்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு அமாவாசைக்கு அங்கேயும் கூட்டிப்போங்கள். இரண்டு எண்ணையும் அவளே பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். என்ன வந்தது என்று எனக்கும் சொல்லச் சொல்லுங்கள்.