குடியிருப்போர் சங்கம்: தண்ணீர்க் கணக்கு

செயலாளர் (எஃப்1): வணக்கம். 9 வீட்டு ஃபாரமும் மீட்டர் ரீடிங்கும் வந்துடுச்சு. எக்செல்ல ஆவரேஜ் போட்டேன். குடிதண்ணி 2.1. லாரித் தண்ணி திருப்தி 5க்கு 3. செலவு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 700 லிட்டர். இந்த 700ஐயே வீட்டு அளவா வெச்சிடலாமா?

எஸ்2 அக்கா: அண்ணா, குடிதண்ணி 2.1ன்னா என்ன?

செயலாளர்: 1 குழாய், 2 போர், 3 கேன்மா.

டீச்சர் (டி1): சார், நம்ம போர் தண்ணி உப்பு, யாருமே குடிக்கிறதில்ல. 4 வீடு குழாய், 5 வீடு கேன். ஆவரேஜ் போய் போர்ல நிக்குது பாருங்க! 1, 2, 3 இங்க வெறும் பேருதான், பஸ் நம்பர் மாதிரி. கூட்டி வகுக்கக் கூடாது. அதிகம் பேர் சொன்னது எதுன்னு பார்க்கணும், அதுதான் முகடு. கேன்.

டீச்சர்: திருப்திக்கு வரிசை உண்டு. ஆனா 1க்கும் 2க்கும் உள்ள தூரம்தான் 4க்கும் 5க்கும்னு சொல்ல முடியாது. வரிசையா வைங்க: 1, 1, 2, 2, 2, 4, 5, 5, 5. நடுவுல இருக்கிறதுதான் இடைநிலை. இங்க அது 2, அதாவது 'மோசம்'. 3ன்னு ஒருத்தர்கூட போடலை. 5 வீடு அவதிப்படுது சார்.

எஃப்2 பாப்பா: ஆன்ட்டி, எங்க சைக்காலஜி பாடத்துல இது இருக்கு. ஸ்டீவன்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1946ல 'சயன்ஸ்' இதழ்ல எழுதினது. பெயர், வரிசை, இடைவெளி, விகிதம்னு நாலு அளவீடு. லிட்டர்ல 0ன்னா தண்ணியே இல்ல, 400ன்னா 200க்கு ரெண்டு மடங்கு. அப்ப அது விகிதம்தானே, சராசரி போடலாமே?

டீச்சர்: போடலாம் கண்ணு. ஆனா ரீடிங்கைப் பாரு: 410, 430, 450, 470, 500, 520, 540, 580, 2400. கடைசி ஒண்ணு மொத்தத்தையும் இழுத்துடுச்சு. 8 வீடு 600ஐத் தொடவே இல்ல. சாதாரணமா ஒரு வீட்டுக்கு எவ்வளவுன்னு கேட்டா இடைநிலை 500தான் நியாயம்.

செயலாளர்: அப்ப 700ஐ எடுத்துடவா?

டீச்சர்: வேண்டாம் சார். லாரி சொல்றப்ப அதுதான் வேணும். 700ஐ 9ஆல பெருக்கினா 6300, நிஜமாவே செலவாகிற தண்ணி. 500ஐ வெச்சு 4500 சொன்னா சாயந்திரமே சம்ப் காலி.

டி2 மாமா: 2400 எங்க வீடும்மா. நாங்க ரெண்டே பேரு. ராத்திரி பூரா ஃப்ளஷ் டேங்க்ல சொய்ங்னு சத்தம்.

செயலாளர்: காலைல 8 மணிக்கு பிளம்பரோட வர்றேன் சார். அதைச் சரி பண்ணிட்டு ஒரு வாரம் ரீடிங் எடுத்து, அப்புறம் அளவு வைப்போம்.