மடோகா மாகிகா: உங்களை இன்னும் விடாத காட்சி எது?

நீலவாசல்:
முடிவுவரை எல்லாமே பேசப்போகிறோம், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இது ஜப்பானிய அனிமே தொடர், கியூபே என்ற வெள்ளைப் பிராணி மடோகா போன்ற பள்ளிச் சிறுமிகளுக்கு ஒரு வரம் தருவதாகச் சொல்லி, பதிலுக்கு அவர்களைச் சூனியக்காரிகளோடு சண்டை போடும் மாயப்பெண்களாக்கும். எல்லோரும் மூன்றாவது எபிசோடில் மூத்த மாயப்பெண் மாமி சாவதைத்தான் சொல்வார்கள். எனக்கு ஆறாவது எபிசோட். மடோகாவின் தோழி சயாகா மருத்துவமனைக்குப் போகிறாள், அவள் கேட்ட வரத்தால் கை குணமான வயலின்காரப் பையன் கியோசுகேயின் அறை காலி. டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வீட்டு வாசலுக்குப் போய் அழைப்பு மணியிடம் கையைக் கொண்டுபோகிறாள், உள்ளே வயலின் கேட்கிறது, அடிக்காமலே திரும்பிவிடுகிறாள். அவ்வளவுதான், சின்னக் காட்சி.

நான் பிசியோதெரபிஸ்ட். கையில் அடிபட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். கியோசுகே சிடியைக் கையாலேயே அடித்து உடைத்து ரத்தம் வடிய அழுகிறானே, அதுபோல விரல் மடங்காத கையைச் சுவரில் அடித்துக்கொண்ட ஒரு பையனை நேரில் பார்த்திருக்கிறேன், அவன் அம்மா அந்தக் கையை இழுத்துத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டார். குணமானவர்கள் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போவது அபூர்வம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அவர்களுக்கு மருத்துவமனையை மறக்க வேண்டும். ஆனால் சயாகா கொடுத்தது தன் உயிரை. அதை உடம்பிலிருந்து கழற்றி சோல் ஜெம் என்ற ஒரு கல்லுக்குள் வைத்துவிட்டார்கள் என்பது வாசலில் நிற்கும்போது அவளுக்கே தெரியாது. மாமி முன்பே கேட்டாள்: அவன் கனவு நிறைவேற வேண்டுமா, இல்லை அதை நிறைவேற்றியவள் நீ என்று ஆக வேண்டுமா? அவன் வாசிக்க வேண்டும் என்று கேட்டாள், அவன் வாசிக்கிறான். அப்புறம் ஏன் இவ்வளவு வலிக்கிறது? 'ஒரு பையனுக்காக முட்டாள்தனம் பண்ணினாள்' என்று இதைச் சுருக்குகிறவர்களோடு என்னால் பேசவே முடிவதில்லை.

மரப்படி:
நீலவாசல், பாதிதான் ஒத்துக்கொள்வேன். சயாகாவை எச்சரிக்க மாமி இருந்தாள். இன்னொரு மாயப்பெண் கியோகோவை யார் எச்சரித்தார்கள்?

ஏழாவது எபிசோட், பாழடைந்த சர்ச், பை நிறைய ஆப்பிள். என் அப்பா சின்ன சபை நடத்தியவர். பெரிய சபையோடு ஒத்துப்போகாமல் தனியாக வந்த பிறகு ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் வீட்டு ஆட்களும் இன்னும் இரண்டொரு குடும்பமும்தான், காணிக்கைப் பை பெரும்பாலும் வெறுமையாகத்தான் திரும்பும். அம்மா அரிசிக்குக் கடன் சொல்லிவிட்டு வருவதை எதிரே நின்று பார்த்திருக்கிறேன். கியோகோவின் அப்பாவும் கோட்பாட்டை மீறிப் பேசித் தலைமைச் சபையால் விலக்கப்பட்டவர், அந்தக் குடும்பமும் பட்டினி. 'அப்பா சொல்வதை எல்லோரும் கேட்க வேண்டும்', இதுதான் அவள் கேட்ட வரம். சின்ன வயதில் முழங்காலில் நின்று நான் செய்த ஜெபமும் இதேதான். சப்டைட்டிலில் அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

உண்மை தெரிந்ததும் அவள் அப்பா மகளையே சூனியக்காரி என்கிறார், குடிக்கிறார், கடைசியில் அவளை மட்டும் விட்டுவிட்டுக் குடும்பத்தையே கொன்று தானும் சாகிறார். இதைப் பார்த்து 'கொடூரமான அப்பா' என்று ஒரு வார்த்தையில் கடந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். என் அப்பா சாது, இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஆனாலும் நிரம்பிய சபை தன் பிரசங்கத்தைக் கேட்டு வந்ததல்ல என்று தெரிந்தால் அவரும் உடைந்துபோவார் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் அந்த ஆப்பிள். சாப்பாட்டை வீணாக்காதே என்று கியோகோ கழுத்துப்பட்டியைப் பிடிக்கிறாள், கதையைச் சொல்லி முடித்து இன்னொரு ஆப்பிளையும் நீட்டுகிறாள், சயாகா 'இதை எந்தக் காசில் வாங்கினாய்' என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். பட்டினி கிடந்தவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

தெருமுனை:
நீங்களெல்லாம் சாதாரணம் என்று தள்ளும் மாமிதான் எனக்கு. தங்கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். 'இனி நான் தனியாள் இல்லை' என்று மாமி சந்தோஷமாகச் சண்டை போடுகிறாள், குட்டிப் பொம்மை மாதிரி இருக்கும் சூனியக்காரியின் வாயிலிருந்து இன்னொன்று நீளமாக வெளியே வருகிறது, அடுத்த நொடி கால்கள் மட்டும் தொங்குகின்றன. தங்கை எழுந்து போனவள் அன்று திரும்பி வரவில்லை.

சரி, புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு. 2011-இல் வந்த 12 எபிசோடையும் முதலில் பாருங்கள். 2012-இல் வந்த இரண்டு படங்களும் அதே கதையின் சுருக்கம்தான், அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 2013-இல் வந்த 'ரெபெல்லியன்' புதுக்கதை, 12 முடிந்த கையோடு அதற்குள் நுழையாதீர்கள், கொஞ்ச நாள் விடுங்கள், இல்லாவிட்டால் 12-இன் முடிவு உங்களுக்குள் இறங்காது. தொடக்கப் பாட்டைத் தாண்டி ஓட்டவே ஓட்டாதீர்கள். கிளாரிஸ் பாடிய 'கனெக்ட்', கேட்டால் மடோகாவின் உற்சாகப் பாட்டு மாதிரி இருக்கும், பாட்டோடு வரும் காட்சிகளில் அவள் உருமாறிச் சண்டையும் போடுகிறாள், ஆனால் கதையில் வாரக்கணக்காக அது நடப்பதே இல்லை. பத்தாவது எபிசோடின் கடைசியில் அதே பாட்டு வரும்போது அது மடோகாவைக் காப்பாற்றத் துடிக்கும் ஹோமுராவின் குரல் என்று புரியும். நல்ல ஹெட்போன் வையுங்கள், இசை யுகி கஜியுரா. சூனியக்காரிகளின் மாய உலகம் வரும் இடங்களில் நிறுத்திப் பாருங்கள், துணியும் காகிதமும் வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும், அது கெகிடான் இனு கறி என்ற கலைஞர்களின் கைவேலை. அங்கே கிறுக்கியிருக்கும் எழுத்துகள் சும்மா அலங்காரம் இல்லை, ரசிகர்கள் உட்கார்ந்து அந்த லிபியையே அவிழ்த்துவிட்டார்கள், இரண்டாவது எபிசோடில் கோதேயின் ஃபாஸ்ட் நாடக வரிகள்கூட உண்டு. பெற்றோர்களுக்கு: ஆவோகி உமே வரைந்த உருண்டை முகங்களைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளை இதன் முன்னால் உட்கார வைத்துவிடாதீர்கள். எழுதியவர் கென் உரோபுச்சி, அவர் யாரையும் விடமாட்டார்.

நீலவாசல்:
யாரும் பார்க்கும் வரிசை கேட்கவில்லையே அண்ணா. தங்கை என்ன ஆனார்? மீதியைப் பார்த்தாரா?

பின்னிரவு:
நான் அப்போது ஒசாகாவில் வேலையில் இருந்தேன். ஒவ்வொரு வியாழனும் நள்ளிரவு தாண்டி எம்பிஎஸ் சானலில் வரும், பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். பத்தாவது எபிசோட், அதாவது ஹோமுரா திரும்பத் திரும்ப அதே மாதத்துக்குள் போய் வருவது, 2011 மார்ச் 11 அதிகாலையில் வந்தது. அன்று மதியம் 2:46-க்கு வடகிழக்கில் பூகம்பம். அவ்வளவு தூரத்தில் இருந்த எங்கள் அலுவலக மாடியே மெதுவாக, நீண்ட நேரம் ஆடியது. பிறகு டிவியில் சுனாமி. டோக்கியோ பக்கம் டிபிஎஸ் சானலில் அந்தப் பத்தாவதே அன்றிரவுதான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நிறுவனங்களெல்லாம் விளம்பரத்தை நிறுத்திக்கொள்ள, ஏசி ஜப்பானின் பொதுநல விளம்பரங்களே திரும்பத் திரும்ப ஓடின, வேறு நிகழ்ச்சி எதையும் பார்க்கும் மனநிலையில் யாரும் இல்லை.

மீதி ஒளிபரப்பானது ஏப்ரல் 21 இரவு, நள்ளிரவு தாண்டி, 11-உம் 12-உம் சேர்ந்து. பதினொன்றில் என்ன வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். வால்புர்கிஸ் இரவு என்ற மாபெரும் சூனியக்காரி வருகிறது, ஊருக்குப் பெரும்புயல் என்று அறிவிக்கிறார்கள், மடோகாவின் குடும்பம் முகாமில் மற்ற குடும்பங்களோடு தரையில் விரித்துப் படுத்திருக்கிறது, தம்பி இன்றைக்கு இங்கேதான் தங்கலா என்று உல்லாசப் பயணம் போலக் கேட்கிறான். ஆறு வாரமாக நான் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்த அதே தரை, அதே போர்வை. எழுதியவர்கள் பூகம்பத்தைப் பார்த்து எழுதவில்லை, கதை அதற்கு முன்பே முடிவானது, அதனால்தான் இன்னும் தாங்க முடியவில்லை. மடோகா வெளியே போகப் பார்க்க, அம்மா படிக்கட்டில் மறித்துக் கன்னத்தில் அறைகிறார். அப்புறம் ஒரே கேள்வி: யாரோ சொன்ன பொய்யை நம்பிப் போகவில்லையே? இல்லை என்றதும் முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறார். அந்த நாட்களில் எந்த அம்மாவாவது பிள்ளையை அப்படி விடுவாரா என்று அன்றிரவு கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள், கேள்வி இன்னும் கடினமாகிவிட்டது.

தெருமுனை:
நீலவாசல், பார்த்தாள், பல வருடம் கழித்துத் தனியாக. பின்னிரவு, அந்த அம்மா செய்தது பொறுப்பே இல்லாத வேலை என்பது என் கருத்து.

பின்னிரவு:
மகள் சிறுமியிலிருந்து பெரியவளாகும் இடத்தில் நிற்கிறாள் என்று தெரிந்த அம்மா அவர். குடிக்கும்போது தன் தோழியான டீச்சரிடம் மகளைப் பற்றிப் புலம்பிய அதே அம்மா. பொறுப்பில்லாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை.

செவ்வரளி:
நான் எழுத வந்தது கியூபேயைப் பற்றி. சயாகா 'ஏன் முன்னாலேயே சொல்லவில்லை' என்று கத்தும்போது அது கண் இமைக்காமல் சொல்கிறதே, நீங்கள் கேட்கவில்லையே என்று. தெரியாமலே இருந்தாலும் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று. அந்த இடம்.

என் சித்தி மகளைப் பஞ்சாலைக்கு அனுப்பினார்கள், சுமங்கலித் திட்டம். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. வயது பதினைந்து. வீட்டுக்கு வந்த புரோக்கர் மிக மென்மையாகப் பேசுவார், நல்ல சாப்பாடு, டிவி இருக்கிறது, உன் கல்யாணத்தை நீயே நடத்திக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. நைட் ஷிஃப்ட் பற்றி, பஞ்சுத்தூசி பற்றி, பாதியில் வந்தால் தொகை கிடையாது என்பது பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருமலோடு இடையில் வந்துவிட்டாள், கையில் ஒன்றும் வரவில்லை. சித்தி சண்டைக்குப் போனபோது அவர் சொன்ன பதில் கிட்டத்தட்ட கியூபே சொன்னதுதான்: அன்றைக்கே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே அம்மா.

அதனால் நீங்கள் கேட்கும் 'யார் மீது தவறு, சயாகாவா கியோகோவா' எனக்குப் புரியவே இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் ஆசை என்ன என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கியவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அரைக்கணக்கு:
உணர்ச்சி புரிகிறது, ஆனால் கியூபேயைப் புரோக்கரோடு சேர்ப்பது சரியில்லை. புரோக்கருக்குக் கமிஷன். மாயப்பெண்கள் கடைசியில் சூனியக்காரிகளாக மாறும்போது வெளிவரும் சக்தியைச் சேர்த்து, கியூபே பிரபஞ்சத்தின் சக்தி தீர்ந்துபோகாமல் காக்கப் பார்க்கிறது, அதற்கு உணர்ச்சி என்பதே கிடையாது, நாம் மாடு வளர்ப்பதை அதே பதினொன்றாவது எபிசோடில் எடுத்துக் காட்டுகிறது, நம்மால் பதில் சொல்ல முடிகிறதா? நான் இயற்பியல் சொல்லித்தருகிறவன், வெளித்தொடர்பில்லாத எந்த அமைப்பும் தானாக ஒழுங்கின்மையை நோக்கித்தான் போகும் என்று வகுப்பில் விளக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைப் பிராணி ஞாபகம் வருகிறது. அது கெட்டது இல்லை, வேறு கணக்கு, அவ்வளவுதான்.

மரப்படி:
மாடு கையெழுத்துப் போட்டு வரவில்லையே.

செவ்வரளி:
அரைக்கணக்கு சார், வேறு வழி இல்லாததால் செய்தது என்றால் நானும் கொஞ்சம் யோசிப்பேன். ஆனால் பன்னிரண்டாவது எபிசோடின் கடைசியைப் பாருங்கள். மடோகா எல்லாக் காலத்துச் சூனியக்காரிகளையும் பிறக்கும் முன்பே அழித்துவிட்டாள், புது உலகத்திலும் கியூபேக்கள் இருக்கிறார்கள், பெண்பிள்ளைகள் சூனியக்காரிகளுக்குப் பதிலாக வந்த ரெய்த்துகள் என்ற அரக்கர்களோடு சண்டை போட்டுக் கொண்டுவரும் கனசதுரங்களை வாங்கி வேலையை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சூனியக்காரிகள் இல்லாமலும் நடக்கிறது. அப்போது ஹோமுரா பழைய உலகத்தை ஒரு கதையாகச் சொல்கிறாள், அது கேட்டுவிட்டு என்ன சொல்கிறது? அந்த முறை இன்னும் லாபமாக இருக்குமே என்கிறது. அதோடு விட்டதா? ரெபெல்லியனில் அவள் சோல் ஜெம்மை ஒரு தடுப்புக்குள் அடைத்து, உள்ளே அவள் சூனியக்காரியாவதை வெளியே இருந்து வேடிக்கை பார்க்கிறார்கள், மடோகாவையும் பிடித்துக் கட்டுப்படுத்த முடியுமா என்று. வேறு வழி கையில் இருக்கும்போதே இதைத் தேர்ந்தெடுத்தார்கள் சார், இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?