எஸ்0சி7 அபெண்ட்: ஜாவா பக்கமிருந்து வந்தவர் எங்கே ஆரம்பிக்கணும்?

வடபழஞ்சி_ஜாவா
வணக்கம். இதுவரைக்கும் ஜாவா, லினக்ஸ்தான். இப்ப இலந்தைக்குளத்துல ஒரு மெயின்ஃப்ரேம் சப்போர்ட் டீம்ல போட்டிருக்காங்க. நைட் பேட்ச்ல கோபோல் புரோக்ராம் எஸ்0சி7-ல (எண் இருக்கவேண்டிய ஃபீல்டுல செல்லாத டேட்டா வந்து பாதியில நிக்கிற அபெண்ட்) விழுந்தா, ஸ்டாக் ட்ரேஸ் மாதிரி வரி நம்பர் கிடைக்கல. டம்பை (விழுந்த நேரத்து மெமரிப் பதிவு) எங்கிருந்து படிக்கணும்?

தல்லாகுளம்_பேட்ச்
முதல்ல சிஸ்அவுட்ல (ஜாப் எழுதுற அவுட்புட்) சிஇஇ3207எஸ் மெசேஜைப் பாருங்க. புரோக்ராம் பேரும் ஆஃப்செட்டும் (புரோக்ராம் தொடக்கத்துல இருந்து எவ்வளவு தள்ளி விழுந்ததுங்கிறது) அதுலயே இருக்கும். சிஸ்டம் டம்ப் மட்டும்தான் இருக்குன்னா கழித்தல் கணக்கு. பிஎஸ்டபிள்யூ (எந்த இன்ஸ்ட்ரக்சன்ல நிக்குதுன்னு மெஷின் வெச்சிருக்கிற குறிப்பு) அட்ரஸ் 12800956, புரோக்ராம் லோட் ஆன இடம் 12800000னா மிச்சம் 956. பிஎஸ்டபிள்யூ அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனைக் காட்டும்; டெசிமல் கூட்டலுக்கு நீளம் 6 பைட், அதனால 950. கம்பைல் பண்றப்ப லிஸ்ட் ஆப்ஷன் போட்டு எடுத்த லிஸ்டிங்ல அதுக்கு நேரா இருக்கிறதுதான் விழுந்த வரி. லிஸ்டிங்கும் லோட் மாட்யூலும் (ஓடுற பைனரி) ஒரே கம்பைல்தானான்னு பாக்காம இதுல இறங்காதீங்க. சம்பந்தமே இல்லாத வரியைக் காட்டும்.

அந்த வரியில பெரும்பாலும் தப்பு இருக்காது. காம்ப்-3 ஃபீல்டுல (ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கம் வெக்கிற பேக்டு டெசிமல்) ஸ்பேஸ் வந்து உக்காந்திருக்கும். 5 பைட் ஃபீல்டுன்னா ஹெக்ஸ்ல 4040404040. கடைசி அரை பைட்டுல ஏ முதல் எஃப் வரைக்கும் ஒரு சைன் இருக்கணும், இங்க 0. அதான் மெஷின் கூட்ட மறுக்குது. நான் முதல்ல சந்தேகப்படுறது காப்பிபுக்கை (பல புரோக்ராம் பகிர்ந்துக்கிற ரெக்கார்டு லேஅவுட்): லேஅவுட் மாறி, ஒரு புரோக்ராம் மட்டும் ரீகம்பைல் ஆகாம இருந்தா ஃபீல்டு தள்ளிப்போயிடும். அப்புறம்தான் இனிஷியலைஸ் பண்ணாத ஒர்க்கிங் ஸ்டோரேஜ்.

கெட்ட ரெக்கார்டு எதுன்னு கண்டுபிடிக்க ஐஸ்டூல்ங்கிற மெயின்ஃப்ரேம் யூட்டிலிட்டி போதும். வெரிஃபைல ஆன்(21,5,பிடி)னு கொடுத்தா, 21-வது பைட்ல தொடங்குற பேக்டு ஃபீல்டு எந்தெந்த ரெக்கார்டுல கெட்டிருக்குன்னு ஹெக்ஸோட காட்டும்.

திருநகர்_லினக்ஸ்
ஜாவாலயும் வரி நம்பர் எப்பவும் வராது. ஒரே இடத்துல நல்பாயிண்டர் திரும்பத் திரும்ப விழுந்தா, ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் ட்ரேஸை விட்டுட்டு பேரை மட்டும் எழுத ஆரம்பிச்சுடும். பழைய லாக்ல முதல் தடவை விழுந்ததைத் தேடணும், இல்லன்னா ஓமிட்ஸ்டாக்ட்ரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ ஆப்ஷனை ஆஃப் பண்ணி ஓட்டணும். கன்டெய்னர் எக்ஸிட் கோட் 137-ல செத்தா இன்னும் மோசம். 128+9 (9ங்கிறது கில் சிக்னல்), அதாவது கெர்னலே கொன்னிருக்கலாம். ஹீப் டம்ப் எழுதக்கூட அவகாசம் கிடைக்காது, கெர்னல் லாக்ல ஓஓஎம் (மெமரி தீர்ந்துபோச்சு) வரி மட்டும்தான் மிஞ்சும். ஜேசிஎல்ல (மெயின்ஃப்ரேம் ஜாப்பை ஓட்டுற ஸ்கிரிப்ட்) சிஸ்யூடம்ப் டிடி வரி இருந்தா விழுந்த நேரத்து மெமரி கைக்கு வந்துடுது. அந்த வசதியை லினக்ஸ்ல நாமதான் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வைக்கணும். யூலிமிட்ல கோர் அளவு 0ன்னு இருந்தா கோர் ஃபைலே (லினக்ஸ் எழுதுற டம்ப்) வராது.

வடபழஞ்சி_ஜாவா
நன்றிண்ணே. கெட்ட ரெக்கார்டை எடுத்துட்டு அதே ஸ்டெப்ல இருந்து ஓட்டலாமா?

தல்லாகுளம்_பேட்ச்
எடுத்ததைத் தனி ஃபைல்ல வெச்சு பிசினஸ் டீமுக்கு அனுப்பிடுங்க. அதுவும் ஒருத்தரோட பணம். ஜாப் கார்டுல ரீஸ்டார்ட்=ஸ்டெப் பேர் கொடுக்கலாம். ஆனா முந்தின ஸ்டெப் எழுதின ஜிடிஜி-யோட (ஒரே பேர்ல தலைமுறை தலைமுறையா சேர்ற ஃபைல்) புதுத் தலைமுறை (+1) ஏற்கெனவே கேட்டலாக் ஆகியிருக்கும், ரீஸ்டார்ட்ல அதைப் படிக்கிற இடத்துல (0)ன்னு மாத்தணும். விழுந்த ஸ்டெப் டிபி2-ல நடுநடுவுல கமிட் பண்ற ரகம்னா, செக்பாயிண்ட் (எதுவரைக்கும் முடிஞ்சதுன்னு குறிச்சு வெச்ச இடம்) இருக்கான்னு புரோக்ராம் ஓனர்கிட்ட கேக்காம சப்மிட் பண்ணாதீங்க. இல்லன்னா கமிட் ஆனதெல்லாம் ரெண்டாவது தடவை போஸ்ட் ஆயிடும்.