முழங்கால் ஒபரேசனுக்கு முன்னும் பின்னும் நடையை வீட்டில் எப்படி அளப்பது?

விசுவமடு மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்கால் தேய்ந்து, மூட்டு மாற்று ஒபரேசனுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. இப்போது கெந்திக் கெந்தித்தான் நடக்கிறார். பிறகு எவ்வளவு முன்னேறுகிறார் என்று பார்க்க, போனில் அடி எண்ணும் செயலி போட்டேன். கிணற்றடிக்கும் குசினிக்கும் நாள் முழுக்க நடக்கிறவருக்கு அது நூற்றுச் சொச்சம் அடிதான் காட்டுகிறது. இடுப்பில் கட்டிப் பார்த்தும் அதே கதை. செயலி பிழையா, போன் பிழையா? கிளினிக்கில் காட்டக்கூடிய மாதிரி வேறு வழி உண்டா?

இயன்மருத்துவர், கிளிநொச்சி:
இரண்டும் பிழையில்லை தங்கச்சி. உடம்பு குலுங்குவதை வைத்துத்தான் போன் அடியை எண்ணுகிறது. காலை இழுத்து மெல்ல நடந்தால் பல அடிகள் தவறிவிடும். வோக்கர் பிடித்தால் இன்னும் மோசம்.

நேரத்தை அளவுங்கள். கைபிடியுள்ள கதிரை, இருக்கை ஏறத்தாழ 45 செ.மீ. உயரம். அதிலிருந்து 3 மீற்றரில் தரையில் ஒரு கோடு. "போங்கோ" என்றதும் அம்மா எழும்பி, வழக்கமான வேகத்தில் கோடுவரை போய், திரும்பி வந்து இருக்கும்வரை ஸ்டொப்வொட்ச் ஓடட்டும். ஒருமுறை பழக்கிவிட்டு அளவுங்கள். அதே கதிரை, அதே செருப்பு. பொல்லு பிடித்தால் அதையும் எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும்.

முள்ளியவளை அண்ணை:
என் மனுசிக்கு நாங்கள் மண்ணில் பார்த்தோம். முற்றத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, நேரே நடக்க விட்டால் அடி அப்படியே பதியும். ஒரு குதியிலிருந்து மற்றக் குதிவரை நாடா பிடித்தால் எந்த அடி குட்டை என்று தெரியும்.

இயன்மருத்துவர், கிளிநொச்சி:
அருமையான வழி அண்ணை. நேரம் சொல்லாததை இது சொல்லும். நோகிற காலில் பாரம் போட மனம் வராமல் மற்றக் காலைக் கெதியாக ஊன்றிவிடுவார்கள். அதனால் பெரும்பாலும் நல்ல காலின் அடிதான் குட்டையாகும். ஒபரேசனுக்குப் பிறகு வேகம் கூடினாலும் இந்த வித்தியாசம் கன நாள் நிற்கும், நான் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். ஆனால் புது மூட்டோடு ஈர மண்ணில் நடக்க விடவேண்டாம். சீமெந்துத் தரையில் பக்கவாட்டில் வீடியோ எடுத்தால் போதும்.

விசுவமடு மகள்:
அளந்தேன் அக்கா. நேரம் 19 செக்கன். இடது அடி 29 செ.மீ., வலது 38. நீங்கள் சொன்ன மாதிரியே நல்ல கால்தான் குட்டை! ஒபரேசன் முடிந்து எப்போது திரும்ப அளக்கலாம்?

இயன்மருத்துவர், கிளிநொச்சி:
பொல்லோடு தனியே நடக்கத் தொடங்கியபின், உங்கள் பிசியோ சரி என்றால். முதல் மாதத்தில் 19ஐ விடக் கூடத்தான் வரும், பயப்படாதீர்கள். மூன்று மாதமளவில் பழைய கணக்கைப் பலர் தாண்டிவிடுவார்கள், ஒரு வருடம்வரைகூட முன்னேற்றம் இருக்கும். முழங்கால் முழுதாக நீளுகிறதா என்றும் பாருங்கள், நீளாவிட்டால் கெந்தல் போகாது. கெண்டைக்கால் வீங்கி நொந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் அளவெடுப்பு வேண்டாம்.