வறண்ட மண்ணில் நீர் ஊடுருவல்: அளவீட்டைக் கணிப்போடு பொருத்த உதவி தேவை

வணக்கம். வெடிப்பு விட்ட களிமண் நிலத்தில் மண்ணில் பதித்த இரு வளையங்களில் நீர் ஊற்றி அளக்கும் இரட்டை வளைய ஊடுருவல்மானியைக் கொண்டு நீர் இறங்கும் வேகத்தை அளந்து வருகிறேன். காய்ந்த மண்ணில் தொடக்கத்தில் நுண்துளைகளின் உறிஞ்சுவிசை நீரை வலுவாக இழுப்பதால் வேகம் மிகுந்திருந்து, ஈரமுகப்பு (நனைந்த மண்ணின் கீழ் எல்லை) ஆழம் செல்லச் செல்லக் குறைந்து, ஏறத்தாழ நிலையான அளவை அடைகிறது. 1911-இல் வெளியான கிரீன்-ஆம்ப்ட் சமன்பாடும், நேரத்தின் வர்க்கமூலத்தைக் கொண்டு 1957-இல் பிலிப் தந்த சமன்பாடும் இதைச் சீரான மண்ணுக்கு நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் வெடிப்புகளின் வழியே நீர் நேராகக் கீழே பாய்ந்துவிடும்போது, முதல் சில நிமிட அளவீடுகளிலிருந்து கணக்கிடும் உறிஞ்சுதிறன் (நுண்துளை விசையால் மண் நீரை ஈர்க்கும் திறனின் அளவு) நம்பத்தக்கதாக இல்லை. வெடிப்பை மண்ணிட்டு அடைத்து அளப்பது எளிது. எனினும் அது நிலத்தின் இயல்பையே மாற்றிவிடும் என்று கருதுகிறேன். சிறிய எதிர்மறை அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவான அழுத்தத்தில்) நீர் விடும் தட்டு ஊடுருவல்மானியால் வெடிப்பு போன்ற பெரிய இடைவெளிகள் வழியே செல்லும் பெருந்துளைப் பாய்வைத் தனியே பிரித்துப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள், எந்த அழுத்தத்தில் அளக்க வேண்டும், தொடக்க ஈரப்பதத்தை எந்த ஆழம்வரை எடுக்க வேண்டும் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.