மின்சார வேன் ஓட்டுபவர்கள் கொஞ்சம் உதவுங்கள்
வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் புது வேன் வாங்கவேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து 3,500 கிலோ வரையிலான புதிய சரக்கு வண்டிகளையும் புகையைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். கரியமில வாயு, நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் போன்றவற்றைப் பார்த்து, எதில் மோசமோ அதுதான் வண்டியின் தரம். நல்ல முறை.

எனக்கு மின்சார வேன் எடுக்கத்தான் ஆசை. ஆனால் அண்டா அண்டாவாகச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு மேற்குக் கோடியில் துவாஸ், கிழக்குக் கோடியில் சாங்கி என்று ஓடினால் சார்ஜ் உண்மையில் எவ்வளவு தாங்கும்? இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தத்தில் சார்ஜ் போட இடம் கிடைக்கிறதா? அப்புறம், பேட்டரி உத்தரவாதத்தில் வணிக வண்டிகளுக்குத் தனி நிபந்தனை உண்டா? அண்ணன் டீசல் வேனுக்கே முன்பணம் கட்டிவிடுவார் போலிருக்கிறது. இந்த வாரத்துக்குள் சொன்னால் பெரிய உதவி.